மறைந்த கடலும் மறையாத சான்றும்

மறைந்துபோன ஒன்றைப்பற்றிப் பேசுங்கால் மாந்தர்க்கு இரு வழிகள் உள. எஞ்சிய துணுக்குகளைத் தேடியெடுத்து அவை கூறுமளவே கூறுதல் ஒன்று. நெஞ்சம் விரும்பியதை வெறுவெளியில் எழுப்பிக்கொள்ளுதல் மற்றொன்று. தமிழ் பயிலும் நாம் முதல் வழியை நன்கறிவோம். வளையாபதி முழுநூலாக நமக்குக் கிடைத்திலது. புறத்திரட்டிலும் உரைகளிலும் சிதறிக்கிடக்கும் செய்யுள்களைக் கொண்டே அதனை அறிகின்றோம். நிலநூலார் மறைந்த கடல்களை அறியும் முறையும் இத்தகையதே. அம்முறையை நாமும் போற்றிக் கைக்கொள்ளல் வேண்டும் என்பதே ஈண்டு நம் கருத்து.

கடல் மறைதல் என்றது நீர் வற்றுதலை அன்று. கடலின் தரையே அழிதலைக் குறித்தது. நடுக்கடல் மலைத்தொடர்களின் பிளவுகளில் பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகிப் புதுத்தரை ஆகின்றது. அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவாக இருமருங்கும் விலகிச்சென்று, இறுதியில் ஆழ்கடல் அகழிகளின்வழி நிலவுலகின் உள்ளே அமிழ்கின்றது. ஆகவே, கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பழமையுடைய பாறை கிடைப்பினும், இன்றைய மாக்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டிற்கு மேற்பட்ட பகுதியைக் காண்டல் மிக அரிது. அதற்கு முன்னிருந்த தரை ஏறக்குறைய முழுதும் அழிந்தொழிந்தது.

எனினும், அழிவிலும் சில எச்சங்கள் தப்பின. கடற்றரை அமிழுங்கால் அதன் சில பகுதிகள் நிலத்தின்மேல் ஏற்றப்பட்டு மலைகளாயின. தெத்திசு என்பது அங்ஙனம் மறைந்த ஒரு கடல். 1893-ஆம் ஆண்டில் எடுவர்ட் சூசு என்னும் அறிஞர் அதற்கு அப்பெயரிட்டனர். இந்திய நிலப்பகுதி வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவொடு முட்டியபொழுது அக்கடல் ஒடுங்கிற்று. அதன் தரைத்துண்டுகள் இன்றும் ஆல்ப்ஸ் மலையிலும், ஓமான் நாட்டிலும், லடாக்கில் சிந்து ஆற்றங்கரையிலும் கிடக்கின்றன. நீருக்குள் கொட்டி உறைந்தமையால் தலையணைபோல் உருண்ட எரிமலைப் பாறைகளை வறண்ட மலைமேற் காண்பவர், அஃது ஒருகாற் கடலடியாய் இருந்ததென ஐயமின்றி உணர்வர்.

அத்தரையின் அகவையை அறிவிப்பது சிர்க்கான் என்னும் நுண்மணியாகும். அது பிறக்கும்பொழுது யுரேனியத்தை ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் ஏலாது. யுரேனியத்தின் பெரும்பகுதி, பாதியளவு ஈயமாக மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டு செல்லும். ஆதலின், மணியினுள் இருக்கும் ஈயத்தையும் யுரேனியத்தையும் அளந்து அது பிறந்த காலத்தைக் கணிக்கலாம். ஓமானிய கடற்றரை ஏறத்தாழ 9½ கோடி ஆண்டிற்கு முன் தோன்றியதென இவ்வாறே துணிந்தனர்.

ஈண்டு அவ்வறிஞர்தம் அடக்கத்தை நோக்குமின். ஒரு கல்லின் அகவை அக்கல்லின் அகவையே. கடலின் முழு வரலாறன்று. ஆதலின், மேற்படிந்த படிவுகளிலுள்ள நுண்ணுயிர் எச்சங்களையும், பாறையில் உறைந்துள்ள பழைய காந்தத் திசையால் அறியப்படும் நிலக்கோட்டையும் ஒருங்கு வைத்து ஒப்புநோக்கிய பின்னரே, கடல் எங்கே இருந்தது, எப்பொழுது ஒடுங்கிற்று என உரைப்பர்.

இவ்வடக்கம் நம்மிடத்து உளதோ? 1864-இல் பிலிப் சுக்லேட்டர் என்பார், மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் காணப்படுதற்குக் காரணம் கூறப்புகுந்து, இடையே இலெமூரியா என்னும் நிலம் இருந்ததெனக் கருதினர். அக்கருத்தை நம்மவர் குமரிக்கண்டத்தொடு பொருத்தித் தமிழ்மாந்தரை அங்குக் குடியேற்றினர். ஆயின், 1972-இல் குளோமர் சாலஞ்சர் என்னுங் கப்பல் இந்துமாக்கடலைத் துளைத்தெடுத்த பாறைகளும், தரையின் காந்த வரிகளும் கூறுவது வேறு. குமரிக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடற்றரை, கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் கடலடியிலேயே பிறந்தது. மொரீசியசுத் தீவில் 300 கோடி ஆண்டுப் பழமையுடைய சிர்க்கான் மணிகள் கிடைத்தமை 2017-இல் வெளியாயிற்று; அவை பழங்கண்டத் துண்டொன்றிற்குச் சான்றாதல் மெய்யே. எனினும் அத்துண்டு அமிழ்ந்த காலத்தில் மனிதன் தோன்றவே இல்லை.

இதனாற் சிலப்பதிகாரம் கூறும் கடல்கோள் வெறும் பொய்யென்று நாம் கூறவில்லை. 20,000 ஆண்டிற்கு முன் கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னர் அஃது உயர, தமிழகத்தையும் ஈழத்தையும் இணைத்த நிலம் நீருட்பட்டது. கரையோர நிலத்தைக் கடல் கொண்ட நினைவு மக்களிடை வழங்கியிருத்தல் கூடும். அதற்கு ஒரு கண்டம் வேண்டுவதில்லை.

தமிழின் பெருமைக்குச் சங்கச் செய்யுள்களே போதிய சான்று. சான்றில்லாத கண்டத்தின்மேல் அதனை நிறுத்துவோமாயின், கண்டம் பொய்யானவன்று பெருமையும் பொய்யென மாற்றார் நகைப்பர். மெய்யனாகிய இறைவனை வழிபடும் நாம் மெய்யைக் கண்டு அஞ்சுதல் தகாது. ஏடு கூறுவதை ஏட்டளவிலும் கல் கூறுவதைக் கல்லளவிலும் கொள்வோமாக. அதுவே கற்றார்க்கு அழகு.