அறிவித்தால் மட்டும் போதாது

அனர்த்தம் ஒன்று மக்களைச் சிதறடித்த பின்னர், பொறுப்பில் இருப்பவர்கள் அவர்களோடு எப்படிப் பேச வேண்டும்? ஒரு பல்கலைக்கழகத்தின் அனுபவம் இதில் நமக்கும் பாடமாகிறது.

2005 ஆகஸ்ட் 29 இல் கத்ரீனா சூறாவளி ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தாக்கியது. வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்களவு நீரில் மூழ்கியது. அங்குள்ள டுலேன் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் விரிவுரையாளர்களும் ஊழியர்களும் நாடெங்கும் இடம்பெயர்ந்தனர். பல்கலைக்கழகத் தலைவர் ஸ்கொட் கோவனும் நிர்வாகத்தினரும் ஹூஸ்ரன் நகரிலிருந்து இயங்கினர்.

வழமையான தொடர்புகள் அறுந்த நிலையில் இணையத்தளமே அவர்களின் அறிவித்தற் பலகையாயிற்று. அந்தத் தவணை நடைபெறாது, மாணவர்கள் வேறு பல்கலைக்கழகங்களில் படிக்கலாம், 2006 சனவரியில் மீண்டும் திறப்போம் என்று தெளிவாகச் சொன்னார்கள். சொன்னபடி திறந்தார்கள். மாணவர்களிற் பெரும்பாலானோர் திரும்பி வந்தனர். எப்போது திரும்பலாம் என்று தெரிந்தவர்கள் அதற்கேற்பத் தம் வாழ்க்கையைத் திட்டமிட முடிந்தது.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. 2005 டிசம்பரில், நிதி நெருக்கடியைக் காரணங்காட்டி, பொறியியற் பிரிவுகள் பலவற்றை மூடவும் விரிவுரையாளர்கள் பலரை நீக்கவும் நிர்வாகம் முடிவு செய்தது. வேறு வழியில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். பாதிக்கப்பட்டோருடன் உரியவாறு கலந்து பேசவில்லை என்பது விரிவுரையாளர்களின் முறைப்பாடு. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2007 இல் அந்த நிர்வாகத்தைக் கண்டித்தது.

அறிவித்தல் வேறு, கலந்து பேசுதல் வேறு. முதலாவதை நன்கு செய்தவர்கள் இரண்டாவதில் தவறினார்கள் என்பதே எமது கருத்து.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு நன்கு புரியும். காணிக்குத் திரும்பும் நாள் தெரியாவிட்டால் விதைநெல்லைச் சேமிப்பதா விற்பதா, வயலைக் குத்தகைக்கு எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்க முடியாது. காலபோகம் ஒன்று வீணே கழிந்துவிடும். அதேவேளை, எங்கே குடியமர்த்துவது, எந்தக் குளத்தை முதலில் திருத்துவது என்பவற்றை நம்மைக் கேளாமலே தீர்மானித்து, கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதும் போதாது.

எனவே, அதிகாரிகள் வரும்போது நமது சங்கங்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இன்று உறுதியாகத் தெரிந்தது என்ன? அடுத்த தகவலை எந்தத் திகதியில் தருவீர்கள்? முடிவெடுக்கும் முன்னர் எங்களில் யாருடன் பேசுவீர்கள்? கிடைக்கும் பதில்களைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.