ஆகாயத்துக்கு வாட்ச்மேன்!

ஒரு ஆபீஸ் இருக்கிறது. அதன் அதிகார எல்லை கடல் மட்டத்துக்கு மேலே 100 கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறது. எங்கே முடிகிறது? முடிவதே இல்லை. நிலா, செவ்வாய், அதற்கும் அப்பால் என்று போய்க்கொண்டே இருக்கும். எந்தத் தாசில்தாரும் கேட்டால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்.

அமெரிக்க ராணுவத்தின் 'ஸ்பேஸ் கமாண்ட்'தான் அது. இவ்வளவு பெரிய ஜமீனை வைத்திருக்கும் அந்த ஆபீஸ் சில வருடங்களாக எதற்காகச் செய்தியில் அடிபட்டது தெரியுமா? ஹெட் ஆபீஸ் எந்த ஊரில் என்பதற்காக!

2021 ஜனவரியில், பதவியை விட்டு இறங்கப்போகிற நேரத்தில், அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில்தான் என்று அறிவித்தது டிரம்ப் அரசு. 2023 ஜூலையில் பைடன், 'வேண்டாம், கொலராடோ ஸ்பிரிங்ஸிலேயே இருக்கட்டும்' என்றார். 2025 செப்டம்பரில் திரும்பவும் டிரம்ப்; திரும்பவும் அலபாமா. கொலராடோவில் தபால் ஓட்டு முறை இருப்பதும் ஒரு பெரிய காரணம் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். ஓட்டுப்பெட்டிக்கும் செயற்கைக்கோளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நீங்களும் நானும்தான் அசடு. சுமார் 1,400 வேலைகள் சார்!

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்த ஆசாமிகளின் வேலை நம்ம சட்டைப்பை வரைக்கும் வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஸ்பேஸ் ஃபோர்ஸ்' வேறு, 'ஸ்பேஸ் கமாண்ட்' வேறு. இரண்டுமே 2019-ல் வந்தவை. ஃபோர்ஸ் என்பது ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, சாமான் வாங்கித் தருகிற படை. யூனிஃபார்ம் போட்டவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். அவர்களுக்குக் 'கார்டியன்ஸ்' என்று பெயர். கமாண்ட் என்பது இந்தப் படையிலிருந்தும் மற்ற படைகளிலிருந்தும் ஆட்களை வாங்கி நிஜமாகவே காரியம் நடத்துகிற இடம். காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால், முன்னது சப்ளையர், பின்னது சைட்டில் நிற்கும் காண்ட்ராக்டர். இந்தக் காண்ட்ராக்டர் கடை 1985-லேயே திறந்தது. 2002-ல் ஷட்டரை இறக்கினார்கள். 2019-ல் மறுபடி ஏற்றினார்கள்.

என்னதான் வேலை? முதல் வேலை ஜி.பி.எஸ். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் முப்பது சொச்சம் செயற்கைக்கோள்களை, கொலராடோவில் உட்கார்ந்துகொண்டு ஒரு சின்னப் படைப்பிரிவு ஓட்டுகிறது. உங்கள் வீட்டு வாசலுக்கு டாக்ஸி வருவதும், செல்போன் டவர்கள் ஒரே நேரம் காட்டுவதும் அந்தப் புண்ணியத்தில்தான். பில் கிடையாது, இலவசம்.

இரண்டாவது, ஏவுகணை எச்சரிக்கை. 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கிலிருந்த அமெரிக்கத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. கிளம்பிய வெப்பத்தை மேலேயிருந்து பார்த்துச் சேதி சொன்னார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு மூளை அதிர்ச்சிக் காயம். ஆனால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மூன்றாவது, விண்வெளிக் குப்பையைக் கணக்கெடுப்பது. 'உங்கள் செயற்கைக்கோள் மீது ஏதோ மோதப் பார்க்கிறது' என்று எல்லா நாட்டுக்கும் தகவல் அனுப்புகிறார்கள்.

எல்லாமே நல்ல காரியம். வாட்ச்மேன் வேலை. அதைக் கிண்டலடிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

என் சண்டை வேறு. 2025 நவம்பரில், ஃபோர்ஸுக்குள் இந்த அன்றாட வேலைகளைப் பார்க்கிற 'ஸ்பேஸ் ஆபரேஷன்ஸ் கமாண்ட்' பெயர் மாறியது. புதுப் பெயர், 'காம்பாட் ஃபோர்சஸ் கமாண்ட்'. ஆபரேஷன் போய் யுத்தம் வந்துவிட்டது! பெயரில் என்ன என்கிறீர்களா? போர்டு மாறினால் கடையில் சரக்கும் மாறும். 'விண்வெளி மேலாதிக்கம்' என்று தளபதிகளே மேடையில் பேசுகிறார்கள். 2024-ல் ஸ்பேஸ் ஃபோர்ஸுக்கு ஒதுக்கியது சுமார் 2,900 கோடி டாலர். நிலாவுக்கும் செவ்வாய்க்கும் போகிற நாசாவுக்கு 2,500 கோடிகூட இல்லை. எந்தக் கணக்கு முக்கியம் என்பதை லெட்ஜரே சொல்லிவிடுகிறது.

ஆகாயத்தில் சண்டை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒத்திகை பார்த்தாயிற்று. 2007-ல் சீனா தன்னுடைய பழைய செயற்கைக்கோள் ஒன்றைத் தானே உடைத்தது. மூவாயிரத்துக்கும் மேல் துண்டுகள். பல இன்னமும் சுற்றுகின்றன. 2008-ல் அமெரிக்கா. 2019-ல் நாம். 2021 நவம்பரில் ரஷ்யா உடைத்தபோது 1,500 துண்டுகளுக்கு மேல். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் பதறிப்போய்த் தங்கள் ஓடங்களுக்குள் ஒதுங்கினார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் ரஷ்யர்கள்! தன் வீட்டுப் பிள்ளை மேலேயே கல் வீசுவது என்றால் இதுதான்.

தரையில் நடக்கும் போர் முடிந்தால் இடிபாட்டை அள்ளலாம். மேலே யார் அள்ளுவது? ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே தெரு. அதில் கண்ணாடியை உடைத்துக் கொட்டிவிட்டு 'மேலாதிக்கம்' கொண்டாடினால், முதலில் கிழிவது கொட்டியவன் கால்தான்.

"சீனாவும் ரஷ்யாவும் கையைக் கட்டிக்கொண்டிருக்குமா?" என்று கேட்பார்கள். இருக்காது. 2024-ல் சீனாவும் தனி விண்வெளிப் படை அமைத்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: தெருவுக்கு நாலு வாட்ச்மேன் வந்துவிட்டார்கள், தெருவுக்குச் சட்டம்தான் வரவில்லை. இருக்கிற 1967 ஒப்பந்தம், சுற்றுப்பாதையில் அணுகுண்டு வைக்காதே என்கிறது. சாதாரண ஆயுதத்தைப் பற்றி அங்கே மூச்சு இல்லை.

சட்டம் போட முடியாது என்பதும் பொய். 2022 ஏப்ரலில் அமெரிக்கா, இனி இப்படி ஏவுகணை வீசி உடைக்கும் சோதனை செய்யமாட்டேன் என்று தானாகவே அறிவித்தது. அந்த டிசம்பரில் ஐ.நா. சபையில் இதே கருத்துக்கு 155 நாடுகள் கை தூக்கின. ஒன்பது நாடுகள் எதிர்த்தன. ஒன்பது நாடுகள் நடுநிலை.

நடுநிலை வகித்தவர்களில் இந்தியாவும் ஒன்று.

2019-ல் நாம் உடைத்தது 300 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்தில். பெரும்பாலான துண்டுகள் சீக்கிரமே விழுந்து எரிந்துவிட்டன. பொறுப்பாகத்தான் செய்தோம் என்று பெருமைப்பட்டோம், சரி. பொறுப்பானவனுக்கு 'இனி செய்யமாட்டேன்' என்று சொல்ல என்ன தயக்கம்? திறமையைத்தான் காட்டியாயிற்றே! நம் ராணுவத்துக்கும் பெங்களூரில் ஒரு விண்வெளி ஏஜென்சி இருக்கிறது. அது நாளைக்குக் கமாண்டாக வளரட்டும், தப்பில்லை. அதற்கு ஹெட் ஆபீஸ் தேடுவதற்கு முன்னால் டெல்லி அந்த ஒரு வரி வாக்குறுதியைக் கொடுக்கட்டும்.

வாட்ச்மேனுக்கு விசிலும் டார்ச்சும் போதும். கல்லைக் கொடுத்தால் முதலில் உடைவது நம் வீட்டுக் கண்ணாடிதான்.