பேனாக் கத்தியின் பூர்வீகம்

மடக்குக் கத்தியை நாம் எல்லோரும் பேனாக் கத்தி என்றே சொல்லுகிறோம். பென்சில் சீவவும், மாங்காய் நறுக்கவும், கட்டிய கயிற்றை அறுக்கவும் அது உதவுகிறதே தவிர, பேனாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. உருக்கு முள் வருவதற்கு முன் மேல்நாட்டார் வாத்தின் இறகைக் கூராகச் சீவி, மையில் தோய்த்து எழுதினார்கள். எழுத எழுத இறகு மழுங்கும். மறுபடியும் சீவ வேண்டும். அதற்கென்று ஏற்பட்ட சிறு கத்தியே இது. இறகு போய் நெடுங்காலமாகிறது. பெயர் மட்டும் கத்தியை விட்டபாடில்லை.

இத்தகைய பழைய கத்திகளைத் தேடிச் சேகரிப்போர் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். தபால் தலை சேர்ப்பவரிடம் நமக்கு எழாத சந்தேகம் கத்தி சேர்ப்பவரிடம் எழுவது இயற்கைதான். ஆனால் அவரைப் போன்ற சாதுவான பிராணியைக் காண்பது அரிது. கத்தியை அவர் வெட்டுவதற்கு எடுப்பதில்லை, வாசிப்பதற்கு எடுக்கிறார்.

வாசிப்பதற்குக் கத்தியில் என்ன இருக்கிறது? அலகை விரித்து, அது பிடியோடு சேரும் அடிப்பாகத்தைப் பாருங்கள். செய்தவரின் முத்திரை அங்கே இருக்கும். கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்ற இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், 1624இல் பார்லிமெண்டுச் சட்டத்தின்படி கத்தித் தொழிலாளர் சங்கம் அமைந்தது. ஒவ்வொருவரும் தமக்குரிய முத்திரையை அதில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஜோசப் ராஜர்ஸ் என்ற கம்பெனியாரின் முத்திரை ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். எழுத்தறியாதவர்கூட அதைப் பார்த்துச் சரக்கை இன்னாருடையது என்று அறியலாம். அந்நிய நாட்டுச் சாமான்களில் உற்பத்தியான தேசத்தின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் செய்தது. ஆகவே ‘இங்கிலாந்து’ என்று பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது என்று சேகரிப்போர் கணக்கிடுகிறார்கள்.

அந்த ராஜர்ஸ் கம்பெனியார் 1822இல் அந்த ஆண்டின் எண்ணுக்குச் சரியாக 1822 அலகுகள் கொண்ட ஒரு விசித்திரக் கத்தியைச் செய்தார்கள். 1851ஆம் வருஷத்து லண்டன் பொருட்காட்சிக்காக 75 அலகுகளுள்ள மற்றொன்றைச் செய்தார்கள். இவற்றால் ஒரு பென்சிலைக்கூடச் சீவ முடியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் முத்திரை சொல்வது பாதிக் கதைதான். மீதிக் கதையையும் தேடுகிறவரே உண்மையான சேகரிப்பாளர் என்பது நமது அபிப்பிராயம்.

கத்தியை ஒருவர் காய்ச்சி அடிப்பார். ஒருவர் சாணை பிடிப்பார். மற்றொருவர் பிடி பொருத்துவார். இவர்களில் ஒருவர் பெயரும் அலகில் ஏறாது. அதிலும் முட்கரண்டிகளுக்கு உலர்ந்த கல்லில் சாணை பிடித்தவர்களின் கதி மிகவும் பரிதாபகரமானது. கல்லின் தூளும் உருக்கின் தூளும் சுவாசப்பையில் படிந்து, நாற்பது வயதைக் காணாமல் மாண்டவர்கள் அநேகர். மேஜை மீது பளபளக்கும் அந்தப் பழைய கரண்டிக்கு அவர்கள் தங்கள் மூச்சையே விலையாகக் கொடுத்தார்கள்.

பிடியின் கதை நம் நாட்டுக்கே வந்து சேருகிறது. ஷெபீல்டுக் கத்திகள் பலவற்றின் சொரசொரப்பான பிடி, இந்தியக் காடுகளில் வாழும் கடமானின் கொம்பு. கொம்பு கப்பலேறிச் சென்று, கத்தியாகித் திரும்பி வந்து, நமக்கே விலைக்கு விற்கப்பட்டது!

உருக்கின் கதை இன்னும் ரசமானது. சேலம் ஜில்லாவில் நம் கொல்லர்கள் இரும்புத் துண்டுகளை ஆவாரங்குச்சியோடு மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, மண் பூசி உலையில் வைத்து உருக்கு ஆக்கினார்கள். இத்தகைய இந்திய உருக்கை மேல்நாட்டார் ‘வூட்ஸ்’ என்றழைத்தனர். பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பவர் அனுப்பிய வூட்ஸை ஆராய்ந்து, ஜார்ஜ் பியர்ஸன் 1795இல் லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அந்த ஆராய்ச்சிக்காக ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளர் அவ்வுருக்கில் அடித்துக் கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு பேனாக் கத்தி! ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இதுவே மேல் என்று பிற்பாடு அவர் தம் கடை விளம்பரத்திலேயே அச்சிட்டார். ஸ்டோடார்ட்டின் பெயரைச் சரித்திரம் அறியும். மூசையை மூடிய கைகளின் பெயரை எந்தக் கத்தியும் சொல்லாது.

இனி, நம் வீட்டுப் பரண்களைப் பார்ப்போம். ஓலையில் எழுதிய நம் முன்னோர் மடக்கெழுத்தாணி என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். எழுத்தாணி பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். ஓலை வாருவதற்குக் கத்தியும் கூடவே அமைந்திருப்பதுண்டு. மேல்நாட்டார் பேனாவுக்காகத் தனியே கத்தி வைத்திருக்க, நம்மவர் பேனாவையும் கத்தியையும் ஒரே பிடியில் அடக்கிவிட்டார்கள். அவற்றுக்கு இன்று நேரும் கதியோ சொல்லத் தரமன்று. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், வீட்டைப் புதுப்பிக்கையில் பாட்டனாரின் எழுத்தாணிகளும் பாக்குவெட்டியும் உடைந்த பித்தளைக் குழாய்களோடு எடைக்குப் போடப்பட்டன. ஷெபீல்டுக் கத்தி தொலைந்தால் முத்திரைப் பதிவேடாவது மிஞ்சும். நம் எழுத்தாணிக்குப் பதிவேடு ஏது? இது யாருடையது, எந்த ஊர்க் கொல்லர் செய்தது என்பது வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது.

ஆகையால் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய அலகைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள்; முத்திரையும் வடிவமும் தேய்ந்துபோகும். பித்தளைப் பிடியைப் புளியிட்டுத் துலக்க வேண்டாம். துருவின் மேல் எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தந்தப் பிடியுள்ளதை விலை பேசாதீர்கள். தந்த வியாபாரத்தை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியையோ பெரியப்பாவையோ அருகில் உட்காரவைத்து, அந்தப் பொருளின் விவரத்தைக் கேளுங்கள். குழந்தையின் கையால் அதை ஒரு சீட்டில் எழுதச் செய்து, கத்தியோடு கட்டி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.