இந்தப் பாட்டு யாருடையது?

ஹாலிவுட் படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் ‘மியூசிக் சூப்பர்வைசர்’ என்று ஒருவர் இருப்பார். இசையமைப்பாளர் வேறு, இவர் வேறு. ஏற்கெனவே வெளிவந்த எந்தப் பாடல் ஒரு காட்சிக்குப் பொருந்தும் என்று இயக்குநருடன் சேர்ந்து தேடுவார். கிடைத்ததும் இரண்டு அனுமதிகள் வாங்குவார்: பாட்டையும் மெட்டையும் உருவாக்கியவரின் உரிமைக்கு ஒன்று, ஒலிப்பதிவின் உரிமைக்கு இன்னொன்று. 2017 முதல் எம்மி விருதில் இவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

நல்ல ரசனை போதும் என்று நாம் நினைக்கும் இந்த வேலை ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது: இந்தப் பாட்டு யாருடையது?

1959இல் நாட்டார் இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், மிசிசிப்பி மாநிலத்தின் பார்ச்மன் சிறையில், கறுப்பினக் கைதிகள் மரம் வெட்டியபடி பாடிய ‘போ லாசரஸ்’ பாடலைப் பதிவு செய்தார். முன்னின்று பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர். கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ (2000) அந்தப் பதிவோடுதான் தொடங்குகிறது. படத்தின் பாடல்களைத் தேர்ந்து தொகுத்த டி போன் பர்னெட், இசைத்தொகுப்பிலும் அதையே முதலில் வைத்தார். தொகுப்பு பல லட்சம் பிரதிகள் விற்று, 2002இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் பெற்றது.

லோமாக்ஸ் காப்பகத்தினர் கார்ட்டரைத் தேடி, சிகாகோவில் கண்டுபிடித்து, 20,000 டாலர் காசோலையைக் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. மறு ஆண்டே இறந்துபோனார். 1959இல் அவர் பெயரை யாரோ குறித்து வைத்ததால்தான் அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது. கூடப் பாடியவர்கள் தொகுப்பின் பட்டியலில் இன்றும் வெறும் ‘கைதிகள்’தான்.

தமிழ் சினிமாவில் இந்தப் பதவி இன்னும் வேரூன்றவில்லை. பாடல்களைப் புதிதாகவே உருவாக்குகிறோம், பிறகு எதற்கு என்பார்கள். அந்தப் புதிய பாடல்களுக்குள் வரும் ஒப்பாரியும் தெம்மாங்கும் கானாவும் பறையடியும் எங்கிருந்து வந்தவை? 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எழுதிக் கொடுத்தாலும் இழக்க முடியாத ராயல்டி பங்கை உறுதி செய்தது. தன் ஒப்பாரியை ஸ்டுடியோவுக்குக் கொடுத்த பாட்டிக்கு அதில் என்ன பங்கு? ‘மரபுப் பாடல்’ என்று எழுதிவிட்டால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். சாவு வீட்டில் பறையடிப்பது உன் பிறவிக் கடமை என்று சொல்லி, கூலி கேட்கும் உரிமையைச் சாதி பறித்தது. ஸ்டுடியோவில் ‘மரபு’ என்ற சொல் அதே வேலையைச் செய்கிறது.

‘எஞ்சாயி எஞ்சாமி’யை எழுதிப் பாடிய அறிவு, 2021இல் ஓர் இதழின் அட்டைப்படத்தில் விடுபட்டபோது நாம் கேள்வி கேட்டோம். ஊரறிந்த கலைஞருக்கே அந்த நிலை என்றால், பெயரே பதிவாகாதவருக்காகக் கேட்பது யார்?

இசையும் சட்டமும் படிக்கும் நம் தோழர்கள் இந்த வேலைக்குள் நுழைய வேண்டும். ஒப்பந்த மேசையில் உட்கார்ந்து, பாடியவரின் பெயரும் பங்கும் எங்கே என்று கேட்க வேண்டும். ஊர் ஊராகப் பாட்டுப் பதிவு செய்யும் என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ‘தகவலாளி’ என்று எண் போட்டு முடிக்காமல், பாடியவர் சம்மதித்தால் பெயரும் ஊரும் எழுதி வைப்போம். நாளை யாராவது காசோலையோடு வந்தால், போய்த் தட்ட ஒரு கதவு வேண்டும்.