ப்ளூம்ஸ்டேயும் படிக்காதவர்களும்

ஜூன் 16 வந்தால் டப்ளினில் வைக்கோல் தொப்பியும் பழைய பாணிக் கோட்டுமாக ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவல் நடப்பது 1904-இன் அந்த ஒரே நாளில். நாயகன் ப்ளூமின் பெயரால் அது ‘ப்ளூம்ஸ்டே’. வந்தவர்களில் பலர் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள், இது சுற்றுலா வியாபாரம் என்று முணுமுணுப்போர் உண்டு. வியாபாரம்தான், மறுப்பதற்கில்லை. 1941-இல் சூரிச்சில் இறந்த ஜாய்ஸின் உடலைத் தாயகம் கொண்டுவர அக்கறை காட்டாத அயர்லாந்து, 1993-இல் அவர் முகத்தைப் பத்து பவுண்டு நோட்டில் அச்சிட்டது. ஆனால் விழாவைத் தொடங்கியது அரசல்ல. 1954-இல் பேட்ரிக் கவனா, ஃபிளான் ஓபிரையன் முதலிய எழுத்தாளர்கள் குதிரைவண்டி பிடித்து நாவலின் தடத்தில் புறப்பட்டு, பாதி வழியில் மதுக்கடையோடு நின்றுவிட்டார்கள். (ஜாய்ஸ் கோபித்திருக்க மாட்டார்.) ப்ளூமும் அன்று பெரும்பாலும் நடக்கிறார், தின்கிறார், குடிக்கிறார்: காலையில் பன்றிச் சிறுநீரக வறுவல், பிறகு ஸ்வெனி மருந்துக்கடையில் எலுமிச்சை சோப்பு, மதியம் டேவி பர்ன்ஸ் மதுக்கடையில் சீஸ் சாண்ட்விச். அதே மருந்துக்கடையில் இன்று தன்னார்வலர்கள் கூடி ஜாய்ஸை வாய்விட்டு வாசிக்கிறார்கள். தனியே படித்தால் மிரட்டும் பக்கங்கள் காதில் விழும்போது இளகுகின்றன. சோப்பு வாங்க நுழைந்தவர் ஒரு பக்கம் கேட்டுவிட்டுப் போனாலும், அவரை வாசகர் கணக்கில் சேர்க்க நான் தயங்க மாட்டேன்.