டாக்டர், ‘என்ன வேலை செய்யறே’ன்னு கேளுங்க

போன வருஷம் ஒருநாள் எங்கம்மாவுக்கு ‘மெடிக்கல் கேம்ப்’. கோவைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அவள் தூய்மைப் பணியாளர். இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை அள்ளுகிறாள். இப்போது அள்ளுவது ஒரு காண்ட்ராக்டருக்காக. விடியக்காலை ஐந்தரைக்கு மஸ்டர் போட்டு, வீதி கூட்டி, சாக்கடை வழித்து, வண்டி தள்ளிவிட்டு வந்து அந்த வரிசையில் நின்றாள். கூட நான். எடை பார்த்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ‘நெஞ்சு கட்டுன மாதிரி இருக்குதுங் சார், கை பூரா அரிக்குதுங்’ என்றாள் அம்மா. ‘தண்ணி நெறைய குடிங்க’ என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சீட்டில் எழுதினார். ‘ஃபிட்’ என்று முத்திரை விழுந்தது. எல்லாம் நாலு நிமிஷம். அந்தச் சீட்டையும் சூப்பர்வைசர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த நாலு நிமிஷத்தில் ‘என்னம்மா வேலை செய்யறே?’ என்று யாரும் கேட்கவில்லை.

தோழர்களே, இந்தக் கேள்விக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் வயசாகிறது. இத்தாலியில் மொதெனா என்ற ஊரில் பெர்னார்தினோ ராமஸ்ஸினி என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் வீட்டு மலக்குழியை ஒரு தொழிலாளி அள்ளிக்கொண்டிருந்தபோது, ஏனப்பா இத்தனை அவசரம் என்று கேட்டிருக்கிறார். நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே கிடந்தால் கண் போய்விடும் என்று பதில் வந்தது. அவர் கண்ணைப் பார்த்தால் சிவந்து மங்கிக் கிடந்தது. ஊரில் பார்வை கெட்டுப் பிச்சை எடுத்தவர்களில் பலர் அதே வேலை செய்தவர்கள்தான் என்பதையும் ராமஸ்ஸினி கண்டார். அங்கே தொடங்கிய விசாரணைதான் 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றிய புத்தகமாக வந்தது. நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் மருத்துவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ஆக, தொழில்சார் மருத்துவம் என்கிற அறிவே மலம் அள்ளிய ஒரு மனுசனின் கண்ணிலிருந்து பிறந்தது. அந்த அறிவு இன்று எங்கள் வளவுக்குள் வரும்போது அந்த மனுசனை மறந்துவிட்டு வருகிறது.

தொழிலாளியின் உடம்பைப் பார்ப்பதில் இரண்டு விதம் உண்டு. இந்த உடம்பு வேலைக்கு ஆகுமா என்று பார்ப்பது ஒன்று. இந்த வேலை உடம்பை என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவது முதலாளியின் கேள்வி. சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற கேள்வி. இரண்டாவதுதான் நம்முடையது. நமக்கு நடக்கும் பரிசோதனைகள் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் பதில் எழுதுகின்றன.

எங்கப்பா ஒரு நூற்பாலையில் ப்ளோரூமில் இருந்தார். பேல் பிரித்துப் பஞ்சு கொட்டும் இடம். ஆலையிலேயே தூசி எச்சான இடங்களில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போய் வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். செவ்வாய், புதனில் கொஞ்சம் லேசாகும். சில வருஷம் கழித்து அவருக்கு எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிட்டது. மில் டாக்டர், ‘பீடியை நிறுத்து’ என்றார். அப்பா பீடி குடித்ததில்லை. ‘அப்ப ஆஸ்துமா’ என்றார். 2009-ல் செத்துப்போகும்வரை அது ஆஸ்துமாவாகத்தான் இருந்தது.

அந்த நோய்க்குப் பிசினோசிஸ் என்று பேர், பஞ்சுத்தூசி நோய். லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் அதன் அடையாளம். எக்ஸ்ரேயில் அதற்கென்று தனியாக எதுவும் தெரியாது. அதனால் ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று சொல்லித் தொழிலாளியை அனுப்பிவிட முடிகிறது. வாரத்தின் முதல் நாள், ஷிப்டுக்கு முன்னால் ஒருமுறையும் சில மணி நேரம் வேலை செய்தபின் ஒருமுறையும் குழாயில் மூச்சை ஊதவைத்து அளக்கவேண்டும். ஸ்பைரோமெட்ரி என்பார்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் தூசியைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவில் 1978-ல் வந்த பஞ்சுத்தூசி விதி இப்படித்தான் அளக்கச் சொன்னது. 1888-லிருந்து மில் ஓடுகிற ஊர் கோயமுத்தூர். அப்பாவை ஒருநாளும் யாரும் ஊதச் சொன்னதில்லை.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சில இடதுசாரித் தோழர்கள் கேட்பார்கள். பம்பாய் ஆலைகளில் கூலி எச்சான நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதாரைச் சேர்க்கவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்கவேண்டும், எச்சில் பட்டால் தீட்டு. 1920-களின் கடைசியில் நடந்த வேலைநிறுத்தங்களின்போது அண்ணல் அம்பேத்கர் இதை எழுப்பினார். எந்தப் பிரிவில் யார் நிற்பது என்று சாதி முடிவு செய்தால், எந்த நோய் யாருக்கு என்றும் அதுதான் முடிவு செய்கிறது. கொங்கு நாட்டில் சாக்கடையில் இறங்குகிறவர் யார், வெள்ளலூர்க் குப்பைமேட்டுக்கு லாரியில் போகிறவர் யார் என்று பார்த்தால் போதும். அருந்ததியர் உடம்பில் இருக்கும் அரிப்பும் இருமலும் முதுகுவலியும் ‘கெட்ட பழக்கத்தால்’ வந்ததென்று எழுதுகிற பேனா, வர்ணாசிரமத்தின் பேனாதான்.

பெண்களின் கதை இன்னும் மோசம். கொங்கு நாட்டு மில் ஹாஸ்டல்களில் அடைத்து வைக்கப்பட்ட ‘சுமங்கலித் திட்ட’ப் பிள்ளைகளில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்கு, பேர்கூட ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து மெஷினில் உட்காரவைத்தது 2019-ல் செய்தியாக வெளிவந்தது. உற்பத்தி நிற்காமல் ஓடுவதற்கான மருத்துவம் அது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1942-லிருந்து 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்தது. அந்தக் காலத்தில்தான் 1944-ல் அடார்கர் அறிக்கை வந்தது. அதன் வழியில் 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம். தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் முதலில் வந்த ஊரே கோவைதான், 1955 ஜனவரியில். பிசினோசிஸ் நட்டஈட்டுக்குரிய நோய். அதைக் கண்டுபிடிக்கும் மருத்துவர் அரசுக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும் என்று பழைய தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 1984 போபாலுக்குப் பிறகு, ஆபத்தான தொழில்களில் வருஷத்துக்கு ஒருமுறையாவது பரிசோதனை, அந்தப் பதிவைத் தொழிலாளி பார்க்கும் உரிமை என்று 1987-ல் திருத்தம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் இலவச வருடாந்தப் பரிசோதனை பற்றிய பிரிவு இருக்கிறது. காகிதத்தில் குறையில்லை.

மலக்குழியில் இறங்கிச் செத்தால் முப்பது லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2023 அக்டோபர் 20-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. போராடிப் பெற்ற தீர்ப்பு அது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே நாளில் செத்தால்தான் நாம் கணக்கில் வருகிறோம். இருபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறவளை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது? அந்த ரிஜிஸ்டரை உண்டாக்குகிற இடம் மருத்துவப் பரிசோதனைதான். அதனால்தான் அதைச் சடங்கு என்று ஒதுக்காமல் கையில் எடுக்கச் சொல்கிறேன்.

ஒரு பரிசோதனையில் நாம் எதிர்பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வேலையைக் கேட்கவேண்டும்: என்ன வேலை, எத்தனை வருஷம், எதைத் தொடுகிறாய், எதைச் சுவாசிக்கிறாய், லீவு நாளில் நோவு குறைகிறதா. அப்புறம் அந்த வேலைக்கேற்ற சோதனை. குப்பை, சாக்கடை வேலைக்கென்றால் தோல், கண், முதுகு, மூச்சு, ஊசி குத்தினால் வரும் மஞ்சள் காமாலைக்கு எதிராக ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி. காசு வாங்கக் கூடாது, கூலி பிடிக்கக் கூடாது, முடிந்தவரை வேலை நேரத்திலேயே நடக்கவேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பின் 1985-ஆம் வருஷத்து 161-ஆவது உடன்படிக்கை இதைத்தான் சொல்கிறது. நிர்வாகத்துக்குப் போகவேண்டியது ‘இந்த வேலை செய்யலாம், இது கூடாது’ என்கிற வரி மட்டும். நோயின் விவரம் தொழிலாளிக்குச் சொந்தம். ரிப்போர்ட்டின் நகல் அவர் கையில் இருக்கவேண்டும்.

நியாயமான பயம் ஒன்று இருக்கிறது. அதை அம்மாவே சொன்னாள். ‘நோவுன்னு எழுதிப்போட்டாங்கன்னா நாளைக்கு மஸ்டர்ல பேரு இருக்குமா கண்ணு? இருமலை அடக்கிக்கிட்டுத்தான் நின்னேன்.’ வரிசையில் நிற்கும் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நிற்கிறார்கள். காண்ட்ராக்ட் கூலிக்கு நோயைச் சொல்வது வேலையை விடுவதற்குச் சமம். ஆகவே பரிசோதனை வேண்டும் என்று மட்டும் கேட்டால் அது நம் கழுத்துக்கே கத்தி. நோய் தெரிந்தால் வேலைநீக்கம் கூடாது, அதே கூலிக்கு மாற்று வேலை வேண்டும், நட்டஈடு வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தே கேட்கவேண்டும். பணி நிரந்தரக் கோரிக்கையும் இதுவும் ஒன்றுதான். நிரந்தரமான தொழிலாளிதான் டாக்டர் முன்னால் தைரியமாக இரும முடியும்.

மாணவத் தோழர்களே, காலை ஐந்தரைக்கு மஸ்டர் நடக்கும் இடத்துக்குப் போங்கள். ஒவ்வொருவர் வேலைக் கதையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த வருஷம், எந்த வேலை, எப்போதிருந்து இருமல், எந்தக் கையில் அரிப்பு. மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் பக்கத்தில் உட்காருங்கள். சட்டம் படிப்பவர்கள் ரிப்போர்ட் நகலுக்கு மனு எழுதுங்கள். அடுத்த கேம்ப்பில் டாக்டர் கேட்காவிட்டாலும் பதில் அவர் மேஜைமேல் இருக்கட்டும்.

அம்மாவுக்கான தாளை நான் எழுதி முடித்துவிட்டேன். இரண்டு பக்கம் வந்தது. படித்துக் காட்டினேன். ‘இத்தனையுமா நான் செஞ்சேன்?’ என்று கேட்டாள்.