தனியார் தொழிலகமும் புகைத் தடையும்

“கடை என்னுடையது, கூரை என்னுடையது, வாடகையும் வரியும் நானே செலுத்துகிறேன். அதனுள் புகை பிடிக்கலாமா கூடாதா என்று சர்க்கார் சொல்லுவானேன்?” என்னும் கேள்வி சிற்றுண்டிச் சாலை நடத்துவோரிடமும் பட்டறை வைத்திருப்போரிடமும் இன்றும் கேட்கிறது. நம் அங்கத்தினர் சிலரும் இக்கேள்வி நியாயமானதென்றே எண்ணுகின்றனர். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்தல் நலம்.

இத்தடை ஒரே நாளில் வந்ததன்று. பொது இடத்தில் புகை பிடித்தல் பிறர்க்குத் தொல்லை விளைக்கும் குற்றமென்று கேரள உயர்நீதிமன்றம் 1999-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2001 நவம்பர் 2-ஆம் நாள் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பொது அலுவலகம், ரயில் முதலிய ஊர்திகள் ஆகியவற்றில் புகைத்தலைத் தடை செய்தது. 2003-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உணவு விடுதிகளையும் சேர்த்தது. 2008 அக்டோபர் 2-ஆம் நாள், அண்ணல் காந்தியடிகளின் பிறந்த நாளில், நடைமுறைக்கு வந்த விதிகள் தனியார் பணியிடங்களையும் வணிக வளாகங்களையும் வெளிப்படையாக உள்ளடக்கின. புகைப்பவர்க்கு 200 ரூபாய் வரை அபராதம். தடுக்கத் தவறும் உரிமையாளரும் பொறுப்பாளி. அறிவிப்புப் பலகை வைப்பதும், சாம்பற் கிண்ணமும் தீப்பெட்டியும் எடுத்துக் கொடுக்காதிருப்பதும் அவர் கடமைகள்.

உரிமையாளர் தம் பொருளின்மீது உரிமை உடையவர்தாம். ஆனால் தம்மிடம் கூலிக்கு உழைப்பவனுடைய நுரையீரல் அவர் உடைமையன்று. வாடிக்கையாளனுக்குப் புகை பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். குவளை கழுவும் பையனும் கணக்கெழுதும் குமாஸ்தாவும் அவ்வாறு போக இயலாது. போனால் அன்றைய கூலி போகும். அயர்லாந்து தேசம் 2004 மார்ச் 29-ஆம் நாள் மதுக்கடைகள் உட்பட எல்லா மூடிய பணியிடங்களிலும் புகைத்தலைத் தடுத்தபோது, பணியாளரின் உடல்நலத்தையே முதற் காரணமாகக் காட்டியது. பணிபுரிவோரின் நலத்தை நிலையம் பேணவேண்டுமென்பது நமக்குப் புதிய செய்தியுமன்று. நம் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, கோயிற் பணியாளர்க்கும் அங்கே பயின்ற மாணவர்க்குமாக 15 படுக்கைகளுடன் நடந்த ஆதுலசாலையைப் பற்றிக் கூறுகின்றது. மருத்துவரும் அறுவை செய்வோரும் செவிலியரும் அங்கே ஊதியத்துடன் அமர்த்தப்பட்டிருந்தனர்.

“தனி அறை ஒதுக்கிவிட்டால் போதாதா?” என்பர் சிலர். முப்பது அறைகளுக்குக் குறையாத தங்கும் விடுதிகளுக்கும் முப்பது இருக்கைகளுக்குக் குறையாத உணவு விடுதிகளுக்கும் 2008 விதிகள் இச்சலுகையை அளித்தன. ஆனால் அந்த அறைக்குள்ளும் ஒரு தொழிலாளி நுழைந்து பெருக்கத்தானே வேண்டும்? பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லையென அமெரிக்க நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே தெளிவாகக் கூறிவிட்டார். காற்றாடி புகையைக் கலைக்கும், நஞ்சைப் போக்காது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் எவரும் பீடி பற்ற வைப்பதில்லை. பருத்திநூற் கட்டுகளும் சாக்குகளும் அடுக்கிய கிடங்கில் எந்த உரிமையாளரும் புகைக்க விடுவதில்லை. களத்தில் வைக்கோற்போர் அருகே நெருப்புடன் வருபவனை நம் விவசாயிகள் விரட்டியே விடுவர். சரக்கைக் காப்பதற்காக மறுபேச்சின்றி ஏற்கும் தடையை, ஆளைக் காப்பதற்காக ஏற்க மறுப்பது எவ்வகை நியாயம்?

பீடித் தொழிலாளரின் பிழைப்பு என்னாகும் என்னும் ஆட்சேபணையை அவ்வாறு எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. அவர்களும் நம்மைப் போன்ற கைத்தொழிலாளரே. அவர்கட்கு வழிகாட்டியதும் கூட்டுறவே. கேரளத்துக் கண்ணூரில் 1969-ஆம் ஆண்டு தொடங்கிய தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பீடி விற்பனை சுருங்கத் தொடங்கியதும் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை எனப் பல தொழில்களில் இறங்கியது. அம்மாற்றம் வேதனையின்றி நிகழவில்லை; அங்கத்தினர் தொகை பெரிதும் குறைந்தது. ஆகவே தடை விதிக்கும் சர்க்கார் மாற்றுத் தொழிலுக்கும் கடனும் பயிற்சியும் அளித்தல் கடமை என்று நாம் வற்புறுத்தலாம். தடையே வேண்டாமென்று வாதிப்பதற்கு அது காரணமாகாது.

ஆயினும் சட்டத்தின் கை எட்டாத ஓரிடம் உண்டு. அதுவே நெசவாளரின் வீட்டுத் தறிக்கூடம். பொதுமக்கள் வந்து போகும் சங்க அலுவலகத்துக்கும் விற்பனைச் சாலைக்கும் விதிகள் பொருந்தும்; குடும்பம் வாழும் கூரையின்கீழ்ச் சர்க்கார் சேவகன் நுழைவதை எவரும் விரும்பார். ஆனால் குழித்தறியில் ஒருவர் பீடியை ஊதிக்கொண்டே நெய்ய, காற்றோட்டம் குறைந்த அச்சிற்றறையிலேயே மனைவி தார் சுற்றுவதையும், தொட்டிலில் குழந்தை உறங்குவதையும் ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் நான் கண்டிருக்கிறேன். புகைக்கும் கணவரின் மனைவியர், தாம் ஒரு நாளும் புகைக்காதிருந்தும், நுரையீரற் புற்றுநோய்க்கு அதிகமாக இரையாகின்றனர் என்பதை ஜப்பானிய அறிஞர் ஹிரயாமா 1981-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். வீடே தொழிலகமாயின் அப்பெண்மணி மாலையில் பணி முடித்து வெளியேறும் தொழிலாளியினும் இரங்கத்தக்கவர். அவர் செல்ல வேறு வீடு இல்லை.

இங்கே வேண்டுவது சங்கத்தின் சொந்தக் கட்டுப்பாடு. நமக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்ச் சபையார் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், வாரியங்களுக்கு யார் தகுதியுடையோர், யார் அல்லர் என்று தமக்குத் தாமே விதி வகுத்துக் கல்லில் வெட்டினர். கணக்குக் காட்டாதவரையும் விலக்கினர். கூடி முடிவு செய்து அதற்குத் தாமே கட்டுப்படுதல் இந்நாட்டுக்கு அயலான பழக்கமன்று.

ஆதலின் அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சங்கக் கட்டடத்திலும் கிடங்கிலும் சட்டம் கூறும் பலகையை வைத்து உண்மையாகவே நிறைவேற்றுதல். நிர்வாகக் குழுவினர் கூட்டத்தில் புகைக்காமல் பிறர்க்கு முன்மாதிரியாதல். வீட்டுத் தறிக்கூடத்துள் புகைப்பதில்லை, வேண்டுமாயின் எழுந்து வெளியே செல்வது என்று ஒவ்வொரு நெசவாளரும் உறுதி கூறுதல். இவற்றுள் முதலாவதைச் செய்விக்கச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. மற்ற இரண்டையும் செய்ய அங்கத்தினரின் மனம் ஒன்றே போதும். செலவு ஒரு காசும் இல்லை.